குடிநீர், கழிவுநீர் இணைப்பு அனுமதிப் பிரிவு: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

வீடு கட்டுகிறவர்களுக்காகக் குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கு விண்ணப்பம் போட்டு, அனுமதி வாங்கி, பள்ளம் தோண்டி, குழாய் பதித்து, மீட்டர் ஓடும் வரைக்கும் கூடவே நிற்பதுதான் என் தொழில். அதனால் ஒரு தடவை போய்வந்துவிட்டு எழுதும் விமர்சனம் இல்லை இது. எங்கள் நகரத்தின் இணைப்பு அனுமதிப் பிரிவுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒன்றுகூட மனசார வந்திருக்காது. விதிகள் அதேதான், அதிகாரிகளில் பெரும்பாலானவர்களும் அதே ஆட்கள்தான். பிரிவை நடத்தும் பொறியாளர் மாறினார், அவர் வேலை நகரும் விதத்தை மாற்றினார். ஒரு அலுவலகத்தில் ஒரே ஒருவர் பொறுப்பாக நடந்துகொண்டால் எவ்வளவு தூரம் மாறும் என்பதைக் கண்ணால் பார்த்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முன்பு எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் உள்ளே போகும், அப்புறம் சத்தமே இருக்காது. நாமாகப் போய்க் கேட்டால் "பார்த்துக்கிட்டிருக்காங்க" என்பார்கள். திடீரென்று ஒரு நாள் வரைபடம் திரும்பி வரும், ஒரே ஒரு குறையோடு: குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று காட்டவில்லை. அதைத் திருத்திக் கொடுத்தால் வரிசையின் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். அடுத்த தடவை வேறொருவர் பார்ப்பார், அவர் கண்ணுக்கு மீட்டர் அளவு சரியில்லை என்று படும். அதையும் முடித்தால் மூன்றாமவர் சாலை வெட்டும் அனுமதி எங்கே என்பார். மூன்று குறையும் முதல் நாளே அந்தத் தாளில் இருந்தவை. ஒவ்வொன்றும் நியாயமான குறைதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தவணை முறையில் சொன்னார்களே, அதில்தான் வீட்டுக்காரருக்குக் கடன் வட்டியும் ஏறியது, கட்டி முடித்த வீட்டுக்குக் குடிபோக முடியாமல் வாடகையும் ஓடியது.

இப்போது விண்ணப்பம் போட்ட ஓரிரு நாளில் முதல் ஆள் பார்த்துவிடுகிறார். அவர் வடிவமைப்பைத் தொடுவதில்லை. எல்லாத் தாளும் இருக்கிறதா, தரையும் குழாயும் எந்த உயரத்தில் என்ற மட்டங்கள் எழுதியிருக்கிறதா, சாலை எந்தத் துறையின் கையில் இருக்கிறது, இதை மட்டும் பார்க்கிறார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே தகவல் வந்துவிடும். எல்லாம் இருந்தால் ஒற்றை வீடு ஒரு வரிசைக்கும், அடுக்குமாடியும் வணிகக் கட்டடமும் இன்னொரு வரிசைக்கும் போகின்றன. பிரதானக் குழாயையே நீட்டவேண்டிய வேலை தனி. ஒரு குளியலறை, ஒரு சமையலறை உள்ள வீட்டின் தாள், நூறு வீட்டுக் குடியிருப்பின் தாளுக்குப் பின்னால் தவம் கிடக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. இதைச் செய்யப் புது ஆளும் வேண்டாம், புது மென்பொருளும் வேண்டாம், ஏன் இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அப்புறம் வருவது நான் மிகவும் மதிக்கும் விஷயம். தீயணைப்பு, சாலை, கட்டட அனுமதி, நம் பிரிவு எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்து, எல்லாக் குறையும் ஒரே பட்டியலாக வருகிறது. ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் எந்த விதி, எந்த உட்பிரிவு என்று எண் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது சுற்றில் புதுக் குறை சொல்லக்கூடாது, நாம் வரைபடத்தை மாற்றியிருந்தாலோ உயிருக்கு ஆபத்தான விஷயமாக இருந்தாலோ தவிர. சரிபார்ப்பவர்களுக்கு இது எளிதான கட்டுப்பாடு இல்லை. முதல் தடவையே முழுசாகப் படித்தாகவேண்டும், விட்டதை அப்புறம் பிடித்துக்கொள்ளலாம் என்ற வசதி போய்விட்டது.

அப்படி முழுசாகப் படித்ததால் தப்பித்த ஒரு வேலையைச் சொல்கிறேன். சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த வீடு, கழிவுநீர்க் குழாய் வீட்டிலிருந்து பொதுக் குழாய்க்கு 25 மீட்டர் ஓடவேண்டும். வீட்டை விட்டு வெளியேறும் இடத்தில் குழாயின் அடிமட்டம் தரைக்குக் கீழே 0.6 மீட்டர். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 50-க்கு 1 வாட்டம், அதாவது சரிவு, கொடுத்தால் 25 மீட்டரில் அரை மீட்டர் இறங்கும், அதாவது தரை சமமாக இருந்தால் சாலைக்கு வரும்போது 1.1 மீட்டர் ஆழத்தில் இருக்கும். கட்டட வரைபடத்தை நம்பினால் பொதுக் குழாய் அதைவிட ஆழத்தில் இருந்தது, ஆக எல்லாம் சரி. சரிபார்த்த பொறியாளர் போன் செய்தார்: "சார், வீட்டு மட்டமும் மேன்ஹோல் மட்டமும் ஒரே புள்ளியிலிருந்து எடுத்ததா?" இல்லை. வரைபடம் போட்டவர் வீட்டின் தரையைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டிருந்தார், மேன்ஹோல் மட்டம் நகரத்தின் அளவைப் புள்ளியிலிருந்து எடுத்தது. இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தால் பொதுக் குழாயின் அடிமட்டம் 0.9 மீட்டர் ஆழத்தில்தான் இருந்தது. வாட்டத்தோடு போகும் குழாய் அதற்குக் கீழே போய் நிற்கும், கழிவுநீர் மேலே ஏறாது. அஸ்திவாரத்துக்கு முன்னாலேயே தெரிந்ததால் வீட்டின் தரையைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், வேலை முடிந்தது. கட்டி முடித்த பிறகு தெரிந்திருந்தால் பம்ப் வைத்துத்தான் வெளியேற்றவேண்டும், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் கழிவறையைப் பூட்டிவைக்கவேண்டும், அந்த வீட்டில் இருப்பவர்கள் வாழ்நாள் முழுக்க.

வாட்டத்தைக் குறைத்துச் சமாளிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கழிவு தேங்காமல் போக நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் பிடித்துக்கொள்ளும் கணக்கு. அதற்குக் கீழே போனால் திடக் கழிவு குழாயின் அடியில் படியும், அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், அடைப்பு எடுக்கிறவரை மாசாமாசம் கூப்பிடவேண்டியிருக்கும். அதனால் வாட்டத்தில் விட்டுக்கொடுக்காத அதிகாரி மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

இடைவெளி விஷயத்திலும் அப்படித்தான். பிரதானக் குழாய்களுக்கு அமெரிக்க மாநிலங்கள் பல பின்பற்றும் விதி பக்கவாட்டில் 3 மீட்டர்; ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் குடிநீர்க் குழாய் மேலேயும் கழிவுநீர்க் குழாய் கீழேயும், நடுவே சுமார் 450 மில்லிமீட்டர். கேட்கிறபோது சும்மா இடத்தை வீணடிக்கிறார்கள் என்று தோன்றும். குடிநீர்க் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் எங்கேயாவது பெரிய குழாய் உடைந்தாலோ தீயணைப்பு வண்டி ஒரேயடியாக உறிஞ்சினாலோ அழுத்தம் விழும், விழுந்தால் விரிசல் வழியாகச் சுற்றியிருக்கும் தண்ணீரை அந்தக் குழாய் உள்ளே இழுக்கும். பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாய் கசிந்துகொண்டிருந்தால் என்ன உள்ளே போகும்? 1933-இல் சிகாகோவின் இரண்டு ஹோட்டல்களில் பழைய குழாய்களில் கழிவுநீர் குடிநீரோடு கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி 98 பேர் இறந்தார்கள். பழைய காலம் என்று ஒதுக்கவும் முடியாது. 2007 நவம்பரில் பின்லாந்தின் நோக்கியா நகரில், சுத்திகரிப்பு நிலையத்தில் குடிநீர்க் குழாய்க்கும் சுத்திகரித்த கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவே இருந்த ஒரு வால்வு திறந்துவிடப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள். அந்த இரண்டு குழாயையும் இணைத்துவைத்ததே கூடாது. இந்தப் பிரிவு வேகமாக அனுமதி தருகிறது என்று நான் பாராட்டும்போது, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறது என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். பின்வழி ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு இல்லாத வணிகக் கட்டடத்தை இன்றைக்கும் திருப்பித்தான் அனுப்புகிறார்கள், அனுப்பத்தான் வேண்டும். சமையல் எண்ணெய் அதிகம் புழங்கும் இடத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து நிறுத்தும் தொட்டி, மொட்டைமாடி மழைநீர் சாக்கடைக் குழாயில் சேராமல் தனி வழி, இவற்றிலும் தளர்வு இல்லை.

மீட்டர் அளவில்தான் முன்பு அதிகம் வாக்குவாதம் நடக்கும். பெரிய மீட்டர் வாங்கினால் தண்ணீர் நன்றாக வரும் என்று வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள், அதிகாரிகளில் சிலரும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அளவு கூட்டிப் போடச் சொல்வார்கள். எத்தனை குழாய் இருக்கிறது என்று எண்ணி எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் என்று வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஒரே நேரத்தில் எத்தனை திறந்திருக்க வாய்ப்புண்டு என்பதற்கு அமெரிக்காவின் ராய் ஹன்டர் 1940-இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் பல விதிநூல்கள் அடிப்படையாக வைத்திருக்கின்றன. மீட்டர் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் மெல்லிய கசிவை அது பதியவே பதியாது, நட்டம் நகரத்துக்கு. இப்போது அந்தக் கணக்குத் தாளை விண்ணப்பத்தோடே கொடுத்துவிட்டார்கள், நிரப்பினால் அளவு வந்துவிடும், பேச்சுக்கே இடமில்லை.

கள ஆய்வுக்கு வருகிறேன். மண் மூடுவதற்கு முன்னால் ஆய்வாளர் வந்து பார்த்தாகவேண்டும், வாட்டம், ஜாயிண்ட், குழாய்க்கு அடியில் போட்ட மணல், நீர் நிரப்பிச் சோதனை, எல்லாம் பள்ளம் திறந்திருக்கும்போதுதான் பார்க்கமுடியும். முன்பு "நாளைக்கு வருவாங்க" என்ற ஒற்றை வார்த்தையை நம்பி பள்ளத்தைத் திறந்துபோட்டுக் காத்திருப்போம். திறந்த பள்ளம் என்பது விளையாட்டில்லை. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும், பக்கச் சுவர் சரிந்தால் உள்ளே நிற்கும் ஆள் அசையமுடியாது, 1.5 மீட்டர் ஆழத்தைத் தாண்டினாலே பக்கத்துக்கு முட்டுக் கொடுக்கவேண்டும் என்பது பல இடங்களிலும் உள்ள பாதுகாப்பு விதி. இரவில் மழை பெய்தால் முட்டுக் கொடுத்ததும் நம்பிக்கையாக இருக்காது. இப்போது காலை, மதியம் என்று நேரம் பிரித்துக் கொடுக்கிறார்கள், ஆய்வாளர் கிளம்பும்போது செய்தி வருகிறது, தாமதமானால் அதுவும் வருகிறது. அந்த நேரத்துக்குத் தகுந்தபடி பள்ளத்தைத் திறந்து அன்றைக்கே மூடிவிடலாம். என் ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் இது, இதற்காக மட்டுமே ஒரு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன்.

இதெல்லாம் எப்படிச் சாத்தியமானது என்று ஒப்பந்ததாரர்கள் கூட்டத்தில் அந்தப் பொறியாளரையே கேட்டோம். தாள் அலுவலகத்தில் இருந்த நாட்களையும் விண்ணப்பதாரர் கையில் இருந்த நாட்களையும் தனித்தனியாக எண்ணத் தொடங்கியதுதான் முதல் வேலை என்றார். அதுவரை மொத்த நாட்களை மட்டும் பார்த்து, தாமதம் யாரால் என்று ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்தார்களாம். தினமும் காலையில் பழைய தாள் எதுவோ அதை முதலில் எடுக்கிறார்கள். ஒருவர் விடுப்பில் போனால் அவர் தாள்களை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே பெயர் எழுதிவைத்திருக்கிறார்கள். மேசையில் வரைபடம் பார்ப்பவர்கள் அவ்வப்போது ஆய்வாளரோடு களத்துக்கும் போகவேண்டும். இந்தக் கடைசி ஏற்பாட்டின் பலன் எனக்கு உடனே தெரிந்தது: மேசையில் ஒன்றும் பள்ளத்தில் இன்னொன்றும் சொல்லும் பழக்கம் அநேகமாக நின்றுவிட்டது. கவுன்டரில் இருப்பவர்களையும் சொல்லவேண்டும், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல் "கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, சொன்னபடி திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

சரி, குறைத்த ஒரு நட்சத்திரம் எதற்கு? இணையத்தில் கட்டணம் கட்டும் இடம் இன்னும் மோசம்தான், பணம் போய்விடும், ரசீது வராது, அதற்கு வேறொரு துறையைத் தேடி ஓடவேண்டும். வீடு நடுவில் கைமாறினால் விண்ணப்பம் ஆரம்பத்துக்குப் போய்விடுகிறது, குழாயும் மட்டமும் மாறாதபோது இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இவற்றைவிடப் பெரிய குறை பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு. பழைய கழிவுநீர் இணைப்பைப் பொதுக் குழாயிலேயே அடைத்து மூடவேண்டும், இல்லையென்றால் அந்த ஓட்டை வழியாக நிலத்தடி நீரும் மண்ணும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், சாலையே உள்வாங்கும் அளவுக்குப் போகலாம். அவசியமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் மூடுவதற்கு ஒரு விண்ணப்பம், புது இணைப்புக்கு இன்னொரு விண்ணப்பம், இரண்டுக்கும் வேறு வேறு ஆய்வாளர், வேறு வேறு நாள். ஒரே சாலையை, சில அடி தள்ளி, இரண்டு தடவை வெட்டி, இரண்டு தடவை மூடி, இரண்டு தடவை போக்குவரத்தை நிறுத்தவேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே எண்ணில் சேர்த்து, ஒரே ஆய்வாளர் ஒரே பள்ளத்தில் பார்த்துவிட்டால் போதும். கூட்டத்தில் எழுத்தாகவே கொடுத்திருக்கிறோம், வாங்கிக்கொண்டார்கள். அது நடைமுறைக்கு வந்தால் ஐந்தாவது நட்சத்திரத்தையும் சேர்த்து இந்த விமர்சனத்தைத் திருத்திவிடுவேன்.