தோள் நழுவும் பிள்ளையை அழைத்துக்கொண்டு அலைகிறவர்களுக்கு

ரசீதுகளை ஒரு பழைய தலையணை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பதிவுக் கட்டணம் 500, 24 முறை சிகிச்சைக்கு 18,000, கைப்பட்டை 1,400, எம்ஆர்ஐ 7,500, அறுவைச் சிகிச்சைக்கு முன்பணம் 25,000. ஆகமொத்தம் 52,400 ரூபாய். ஊர் திருச்சி. விளையாட்டுக் காயங்களுக்கான சிகிச்சை மையம் என்று வாசலில் பலகை இருக்கும். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

மகளுக்கு 12 வயது. ஐந்தாம் வகுப்பிலிருந்து யோகாசனப் போட்டிகளுக்குப் போகிறாள். எலும்பே இல்லாதவள்போல் வளைவாள். கட்டைவிரலை மடக்கி முன்கையில் ஒட்டவைப்பாள். உறவினர் வீட்டுக்குப் போனால் காப்பி வருவதற்கு முன்பே, "எங்கே கண்ணு, அந்த விரலை வளைத்துக் காட்டு" என்று மாமா கேட்டுவிடுவார். நாங்களும் பெருமையோடு பார்த்துக்கொண்டிருப்போம். என் அம்மா மட்டும், "நீயும் சின்ன வயதில் இப்படித்தானே இருந்தாய்" என்பாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆனி மாதம், பள்ளி திறந்த புதிது. புத்தகப் பையை வலது தோளில் மாட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம். தோள் இறங்கியது, தானாகவே ஏறிக்கொண்டது. விழவில்லை, அடிபடவில்லை, பெரிய வலியும் இல்லை. அடுத்த வாரம் துணி காயப்போடும்போது ஒருமுறை. பிறகு தலை பின்னும்போது. பயந்துபோய்த்தான் அந்த மையத்துக்குப் போனேன்.

வெள்ளைக் கோட்டு போட்டவர் பார்த்தது நான்கு நிமிடம். கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார். "தசை இறுகிப் போயிருக்கிறது, தளர்த்த வேண்டும்" என்றார். விழுந்தாளா என்று கேட்கவில்லை. மற்ற மூட்டுகளைத் தொட்டுப் பார்க்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்கவில்லை. என்ன விளையாட்டு என்றுகூடக் கேட்கவில்லை. விளையாட்டுக் காய மையத்தில்! தொகுப்பாக 24 முறைக்குப் பணம் கட்டினால் மலிவு என்றார்கள். கட்டினேன்.

முதலில் சூட்டு ஒத்தடம், பிறகு ஏதோ ஓர் இயந்திரம், அதற்கடுத்து ஓர் இளைஞர் வந்து அவளுடைய கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் இழுத்துப் பிடிப்பார். பெரியவர்களுக்குத் தோள் இறுகிக் கையைத் தூக்கவே முடியாமல் போகுமே, அதற்குச் செய்கிற வேலை இது. ஏற்கெனவே தொளதொளத்த மூட்டை வாரம் மூன்று நாள் பணம் கொடுத்து இழுக்கவைத்திருக்கிறேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

ஒன்பதாவது முறைக்குப் பிறகு ஒரே நாளில் இரண்டு தடவை நழுவியது. "முதலில் அதிகமாகித்தான் குறையும்" என்றார்கள். பதினைந்தாவது முறையோடு நிறுத்திவிட்டு, கழுத்தில் மாட்டும் கைப்பட்டையைக் கொடுத்து ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். கழற்றியபோது அந்தத் தோள் மெலிந்திருந்தது. மேலே இருக்கும் பாட்டிலை எடுக்கக் கை நீட்டினாலே நழுவியது. அடுத்தது எம்ஆர்ஐ. அதற்கும் அடுத்தது, சனிக்கிழமைகளில் மட்டும் வந்துபோகும் அறுவைச் சிகிச்சை நிபுணர். "மூட்டு உறை தொய்ந்திருக்கிறது, துளை போட்டு உள்ளே தைத்து இறுக்கிவிடலாம், விட்டால் மூட்டு தேய்ந்துவிடும்" என்றார். வெளியே வந்தால், வரவேற்பில் இருந்த பெண் தீபாவளிக்கு முன் முன்பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றாள். ஜவுளிக் கடையில் கேட்க வேண்டிய வார்த்தை. ஆனால் 'தேய்ந்துவிடும்' என்ற சொல் காதில் இருக்கும்போது வேறு எதுவும் ஏறுவதில்லை. 25,000 கட்டிவிட்டேன்.

தடுத்தது அலுவலகத் தோழி. "அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிட்டுச் செய்" என்றாள். எம்ஆர்ஐ படத்தையும் அறிக்கையையும் கேட்டேன். "கோப்பு எங்களுடையது மேடம்" என்றார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதிமுறையில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்கினேன். மூன்றாம் நாள் கைக்கு வந்துவிட்டது. இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது இந்தக் கடிதம்தான்.

அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் காலை ஏழரைக்கு வரிசையில் நின்று பதினொரு மணிக்கு உள்ளே போனோம். எனக்குப் பின்னால் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். ஆனாலும் அந்த டாக்டரம்மா தோளைத் தொடவே இல்லை, முதலில் மகளின் சுண்டுவிரலைத்தான் பிடித்தார். அதைப் பின்பக்கமாக வளைத்தார். பிறகு கட்டைவிரல். பிறகு முழங்கை, முழங்கால். கடைசியாக, முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிக்கச் சொன்னார். மூட்டுத் தளர்வை அளக்கும் இந்தச் சோதனைகளுக்கு மொத்தம் ஒன்பது மதிப்பெண். மகள் வாங்கியது ஏழு. முழங்கால்களில் மட்டும்தான் தவறவிட்டாள். பரீட்சையில் இப்படி வாங்கினால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அதன் பிறகுதான் தோள். முழங்கையைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தார். தோள் முனைக்குக் கீழே, பிசைந்த மாவில் விரல் அழுத்தியதுபோல் ஒரு பள்ளம் விழுந்தது. இடது தோளிலும் அப்படியே. இடது கைக்கு எதுவும் ஆகவில்லையே என்றேன். "அதனால்தான் அதையும் பார்க்கிறேன்" என்றார்.

"கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடியிருக்கிறீர்களா?" என்று மகளைக் கேட்டார். தோள்மூட்டு அதுதானாம். மேல்கை எலும்பின் தலை எலுமிச்சம்பழம். அது உட்காரும் குழி அதைவிடச் சிறியது, ஆழமும் இல்லாதது. குழியின் ஓரத்தில் ஒரு குருத்தெலும்பு வளையம் வரப்புபோல் நிற்கிறது. சுற்றிலும் மூட்டு உறை. அதற்கு மேல் நான்கு தசைகள் பழத்தைக் குழியோடு அணைத்துப் பிடிக்கின்றன. கரண்டி என்பது தோள்பட்டை எலும்பு. அதைப் பிடிக்கும் முதுகுத் தசைகள் வலுவிழந்தால் கரண்டி சாயும், பழம் உருளும். உடம்பில் எல்லாத் திசையிலும் இவ்வளவு சுழல்கிற மூட்டு வேறு இல்லை. அதற்குக் கொடுக்கும் விலைதான் இது.

ஆக, பழம் ஏன் உருள்கிறது என்பதுதான் கேள்வி. ஓரம் கிழிந்தா, உறை தொய்ந்தா, பிடிக்கிற தசை தவறாக இழுத்தா? கபடியில் கை முறுக்கி விழுகிற பதினைந்து வயதுப் பையனுக்குப் பெரும்பாலும் முன்பக்கமாக விலகும், வரப்பு கிழிந்திருக்கும், எலும்புத் தலையில் பள்ளம்கூட விழுந்திருக்கும். அந்த வயதில் மறுபடி மறுபடி விலகுவது மிக அதிகம், அங்கே அறுவைச் சிகிச்சைக்கு நியாயம் உண்டு. என் மகளுக்குப் பிறவியிலேயே எல்லா மூட்டுகளும் தளர்வு. எங்கும் கிழிசல் இல்லை. அதன்மேல் வருடக்கணக்கில் கையை எல்லை மீறி வளைக்கும் ஆசனங்கள். இதற்கு முதல் மருந்து பயிற்சி, அதுவும் ஆறு மாதமாவது விடாமல். கத்தி கடைசியில்தான்.

மூன்றாவது காரணத்தைச் சொல்வதற்கு முன் மகளை நேராகப் பார்த்து, "நீயாகவே நழுவவைப்பாயா?" என்று கேட்டார். தலை குனிந்தாள். வகுப்பில் தோழிகளைச் சிரிக்கவைக்கத் தினமும் செய்து காட்டியிருக்கிறாள். எனக்கு இது செய்தி. மார்பிலும் முதுகிலும் உள்ள பெரிய தசைகள் தப்பான நேரத்தில் இழுத்து எலும்பை வெளியே தள்ளப் பழகிவிடும், பிறகு வேண்டாதபோதும் அதையே செய்யும் என்றார். இந்தப் பழக்கம் இருக்கும்போது உறையைத் தைத்தாலும் பலமுறை மறுபடியும் தொய்ந்துபோகும். "திட்டாதீர்கள். காட்டச் சொல்லவும் சொல்லாதீர்கள்" என்றார். மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது.

இன்னும் சில கேள்விகள் கேட்டார். பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கியதா என்று. அப்போது கழுத்து நரம்பு இழுபட்டிருந்தால் தசைகளின் பலம் சமமில்லாமல் போய், வளர வளர எலும்புத் தலை பின்பக்கமாக ஒதுங்குமாம், குழியும் உருக்குலையுமாம். குடும்பத்தில் அசாதாரண உயரம், கண் வில்லை விலகல், இதயக் கோளாறு, தொட்டாலே கன்றிப்போகும் தோல் உண்டா என்று கேட்டது, மார்ஃபான், ஏலர்ஸ் டான்லோஸ் போன்ற இணைப்புத் திசுக் கோளாறுகளுக்காக. எங்களுக்கு எதுவும் இல்லை. என்னையும் கட்டைவிரலை மடக்கச் சொன்னார். ஒட்டியது. அம்மா சொன்னது சரி.

கடைசியில் எம்ஆர்ஐ அறிக்கையை வாங்கிப் பார்த்தார். மூன்றாவது வரியில் கிழிசல் எதுவும் இல்லை என்று தெளிவாக இருந்தது. அந்த வரியை அவர்களும் படித்திருப்பார்கள்தானே.

வெளியே காத்திருந்தபோது பார்த்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொய்யா மரத்திலிருந்து விழுந்த ஒன்பது வயதுப் பையன். தோள் இறங்கிவிட்டது என்று கட்டு போடுகிறவர் ஒருவர் இரண்டு முறை இழுத்து ஏற்றப் பார்த்திருக்கிறார். எக்ஸ்ரேயில் மூட்டு அதன் இடத்திலேயே இருந்தது. முறிந்திருந்தது மேல்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீள்கிற குருத்தெலும்புப் பகுதி. பத்து வயதுக்குள் உண்மையாகவே தோள் விலகுவது மிக அபூர்வமாம், அதற்கு முன் வளர்ச்சித் தட்டு விட்டுக்கொடுத்துவிடும். மேல்கையின் நீளத்தில் சுமார் 80 சதவீதம் அந்த மேல் முனையிலிருந்துதான் வளர்கிறது. நல்ல வேளையாக அந்த இடம் பிள்ளைகளுக்கு நன்றாகவே கூடிவிடும் என்றார்கள். பையனின் பாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுததைத்தான் பார்க்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் குழந்தையின் தோளை யாரையும் இழுக்க விடாதீர்கள், அவர் எத்தனை தலைமுறை வைத்தியராக இருந்தாலும் சரி.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. கண்ணாடி முன் நின்று தோள்பட்டையைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து ரப்பர் பட்டையை இழுப்பது. பட்டையின் விலை 180 ரூபாய். யோகாவை விடச் சொல்லவில்லை. கையைப் பின்னால் கட்டி முறுக்கும் ஆசனங்களை மட்டும் நிறுத்தியிருக்கிறோம். போட்டிக்கு இந்த ஆண்டு போகவில்லை, அதற்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தினமும் நழுவியது, இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை. போன வாரம்கூட அலமாரியின் மேல் தட்டில் புத்தகம் எடுக்கும்போது நழுவியது. முழுக்க நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

முன்பணத்தைக் கேட்டேன். ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் 'திருப்பித் தரப்படமாட்டாது' என்று இருப்பதைக் காட்டினார்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம், பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இணையத்திலேயே பதிவு செய்யலாம். அடுத்த மாதம் விசாரணை.

நேற்று அந்த மையத்திலிருந்து போன் வந்தது. புகாரைப் பற்றியோ என்று நெஞ்சு படபடக்க எடுத்தேன். அதே வரவேற்புப் பெண். "மேடம், உங்கள் கணக்கில் இன்னும் ஒன்பது முறை பாக்கி இருக்கிறது. இந்த மாதத்துக்குள் பாப்பாவை அழைத்து வந்துவிடுங்கள், இல்லையென்றால் காலாவதியாகிவிடும்."