கிளிக்கு இறகு முளைக்க வைப்பதாகச் சொல்லி 11,400 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்

யாராவது இந்நேரம் கூண்டுக்கு அடியில் கிடக்கும் இறகுகளைப் பொறுக்கிக்கொண்டு, போனில் 'கிளி இறகு முளைக்க மருந்து' என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

சொக்கன் எங்கள் வீட்டு ஆப்பிரிக்கன் கிரே, சாம்பல் நிறக் கிளி. ஆறு வயது. கண் திறந்த கொஞ்ச நாளில் வந்தவன், நான் ஊட்டி வளர்த்தவன். வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலம் முழுக்க என் தோள்தான் அவனுக்குக் கிளை. அப்புறம் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும் என்று மெயில் வந்தது. மூன்றே வாரம். நெஞ்சில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் தோல் தெரிந்தது. அடுத்து தொடை, அடுத்து இறக்கைக்கு அடியில். கழுத்துக்குக் கீழே உரித்த கோழி, கழுத்துக்கு மேலே பழைய அழகன். அம்மாவுக்குப் பார்க்கப் பொறுக்காது. அவன் ஓர் இறகைப் பிடுங்கினால் போதும், "டேய் சொக்கா, வேண்டாம்டா!" என்று அடுப்படியிலிருந்து ஓடி வருவார்.

பறவை வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவருடைய எண் கிடைத்தது. போனை எடுத்தவர் கிளியின் போட்டோகூடக் கேட்கவில்லை. "இது வெறும் பேன் சார், கவலையே படாதீங்க" என்றார். சொட்டு மருந்து, ஸ்ப்ரே, களிம்பு மூன்றும் சேர்ந்து 45 நாள் 'பேக்கேஜ்', 6,800 ரூபாய். முளைக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ். கூடவே இரண்டு படங்கள் அனுப்பினார். ஒன்றில் மொட்டை நெஞ்சோடு ஒரு கிரே, இன்னொன்றில் வழுவழுவென்று அதே கிரே. அப்படித்தான் நம்பினேன்.

டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாமா என்று கேட்டேன். "டாக்டர்கிட்ட போனா பேப்பர் கேப்பாங்க சார். ஃபாரஸ்ட்காரங்க வந்து கிளியை எடுத்துட்டுப் போயிடுவாங்க, பரவாயில்லையா?" என்றார்.

கெட்டிக்காரத்தனமான மிரட்டல், ஏனென்றால் அதில் பாதி உண்மை. ஆப்பிரிக்கன் கிரே 2017-லிருந்து, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. 2024-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி வைத்திருப்பவர்கள் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நான் செய்திருந்தேன். அப்படியும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பதிவு செய்யாதவர்களும், சட்டப்படி வீட்டில் வைக்கவே கூடாத நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வைத்திருப்பவர்களும் என்ன செய்வார்கள்? வாயைத் திறக்க மாட்டார்கள். அவருக்கு வேண்டியது அதுதான். கடைசியில் நான் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிடுறான்?" என்பதுதான்.

சரி, மருந்துக்கு வருகிறேன். இரண்டாவது வாரத்தில் என்ன நடந்தது தெரியுமா? இறகு முளைத்தது! நெஞ்சில் நீலம் பாய்ந்த குச்சி குச்சியாக, ஒவ்வொன்றும் மெழுகு உறை போட்ட மாதிரி. நான் துள்ளிக் குதித்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அன்று மாலையே 'இரண்டாம் கோர்ஸ்' என்று 3,400 ரூபாய் வாங்கிக்கொண்டார். சொக்கனின் படம் இப்போது எத்தனை பேருக்கு விளம்பரமாகப் போயிருக்கிறதோ!

இந்த வியாபாரமே நிற்பது இந்த இடத்தில்தான். வேரோடு பிடுங்கிய இறகு, அது முளைக்கும் தோல் குழி கெட்டுப்போகாமல் இருந்தால், சில வாரங்களில் தானாகவே திரும்ப முளைக்கும். மருந்து கொடுத்தாலும் முளைக்கும், கொடுக்காவிட்டாலும் முளைக்கும். பாதியில் கடித்து ஒடித்த இறகு மட்டும்தான் அடுத்த உதிர்வு வரை அப்படியே நிற்கும். பிரச்சினை முளைப்பதில் இல்லை, அவன் ஏன் பிடுங்குகிறான் என்பதில்தான். அந்தக் குச்சி இறகுக்குள் ரத்தம் ஓடும். ஐந்தாவது வாரத்தில் சொக்கன் அத்தனையையும் பிடுங்கிப் போட்டான். கூண்டுத் தட்டில் விரித்திருந்த செய்தித்தாள் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

ஸ்ப்ரேயில் வேப்பெண்ணெய் வாடை அடித்தது. அடித்த இடத்தில் மிச்சமிருந்த இறகுகளும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ள, அவன் நாள் முழுக்க அதையே கோதி விழுங்கிக்கொண்டிருந்தான். களிம்பு தடவ ஆரம்பித்த பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு தடவை நிரப்ப வேண்டியிருந்தது. எச்சம் வெறும் தண்ணீராகப் போனது. கேட்டதற்கு, "உடம்புல இருக்கிற விஷம் வெளியேறுது சார், நல்ல அறிகுறி" என்றார். அப்புறம் கழுத்துக்கு பிளாஸ்டிக் காலர், 1,200 ரூபாய். அதைப் போட்டதும் சொக்கன் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து கம்பிலிருந்து விழுந்தான். ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டேன்.

பணம் வாபஸ் என்று பேச்செடுத்தேன். "பணம் எதுக்கு சார், கிளியைக் கொண்டாந்து நம்ம பண்ணையில ஒரு மாசம் விடுங்க. முழு இறகோட தர்றேன்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்கும் நான் தயாராகத்தான் இருந்தேன்.

தடுத்தது அக்கா மகள். எட்டாவது படிக்கிறாள். அந்த இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இது வேற கிளி" என்றாள். எப்படிச் சொல்கிறாய் என்றேன். "முதல் படத்துல கண்ணு மஞ்சள், சொக்கன் மாதிரி. ரெண்டாவதுல கண்ணு கறுப்பு." கிரே குஞ்சாக இருக்கும்போது கருவிழியைச் சுற்றியுள்ள வளையமும் கருமையாகத்தான் இருக்கும். வளர வளரத்தான் வெளிறி மஞ்சளாகும். சொக்கனின் கண் மாறியதை நானே நாள் நாளாகப் பார்த்தவன், எனக்கு உறைக்கவில்லை. 45 நாள் மருந்தில் இறகு முளைக்கலாம், வயது குறையுமா? பண்ணையில் விட்டிருந்தால் முழு இறகோடு ஒரு கிளி வந்திருக்கும், சந்தேகமில்லை. அது எந்தக் கிளி என்பதுதான் கேள்வி. காலில் உள்ள ரிங் எண்ணை இன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி களிம்பு டியூபில் ஒட்டியிருந்த கிளிப்படம் போட்ட ஸ்டிக்கரை ஈரத்துணியால் ஊறவைத்து நகத்தால் சுரண்டினேன். அடியில் பீட்டாமெத்தசோன் என்று இருந்தது. மனிதர்களுக்குத் தோல் அரிப்புக்குத் தடவுகிற ஸ்டீராய்டு. மெடிக்கலில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பறவை பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போனேன். டியூபைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பறவைகளுக்கு ஸ்டீராய்டு ஆகவே ஆகாதாம். தோலில் தடவினாலே உடம்பில் ஏறி, எதிர்ப்புச் சக்தியை அடித்துப்போட்டு, நுரையீரலில் பூஞ்சை பிடிக்க வழிவிடும் என்றார். தண்ணீராகப் போன எச்சமும் அதன் வேலைதான். தராசில் வைத்தார். 391 கிராம். போன வருடம் 448 இருந்தவன்.

தலை இறகு முழுசாக இருப்பதை அவர் முதலிலேயே கவனித்தார். தன் அலகு எட்டாத இடம் அது ஒன்றுதான். அங்கேயும் கொட்டியிருந்தால் வைரஸ் நோயோ, கூட இருக்கும் பறவை பிடுங்குவதோ என்று வேறு மாதிரி யோசிக்க வேண்டுமாம். இருந்தாலும் ரத்தப் பரிசோதனை எடுத்தார். கூண்டின் துத்தநாகப் பூச்சைக் கொறித்து விழுங்கியிருக்கிறானா என்று எக்ஸ்ரேயும் பார்த்தார். எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். பேன் எதுவும் இல்லை. வருடக்கணக்காக வெறும் சூரியகாந்தி விதை தின்றதில் வைட்டமின் ஏ குறைவு, ராத்திரி பதினொரு மணிவரை டிவி வெளிச்சத்தில் தூக்கக் குறைவு, பகலில் தனிமை. கூடவே ஒன்று: பிடுங்கினால் அம்மா ஓடி வருவார் என்று அவன் கற்றுக்கொண்டுவிட்டான்.

இப்போது அம்மா ஓடுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி நிற்கிறார். விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து கேரட், சர்க்கரைவள்ளி, முருங்கைக்கீரை. மிளகாய்ப் பழத்தை மிட்டாய் மாதிரித் தின்கிறான், கிளிகளுக்குக் காரம் தெரியாது. ஏழு மணிக்கு அடுத்த அறையில் இருட்டு. காலையில் வெறும் தண்ணீர்க் குளியல். நான் கிளம்பும்போது கூண்டில் பனையோலை, தேங்காய் மட்டை, உள்ளே பாதாம் பருப்பு ஒளித்த காகித உருண்டைகள். எதையாவது கிழித்தே ஆக வேண்டும் அவனுக்கு, ஓலையைக் கிழிக்கட்டும்.

பணம் வரவில்லை. பில் கிடையாது, ஜிபே போனது யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்திருக்கிறேன். அதற்குள் அவர் என்னை பிளாக் செய்துவிட்டார். பில் கேட்டதும் மழுப்பினாலோ, டாக்டரிடம் போகாதே என்றாலோ அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

சொக்கன் இப்போது 432 கிராம். நெஞ்சு சாம்பல் பூத்துவிட்டது. இடது தொடையில் உள்ளங்கை ரேகை மாதிரி ஒரு கோடு மட்டும் மொட்டையாகவே இருக்கிறது. அங்கே குழிகள் செத்திருக்கலாம் என்கிறார் டாக்டர். ஸ்ப்ரே பாட்டிலைத் தூக்கிப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணி ஆனால் அவன் கம்பின் ஓரத்துக்கு ஒதுங்கிப் போய், 'உஸ்க், உஸ்க்' என்று அந்த ஸ்ப்ரே சத்தத்தை அச்சு அசலாகப் போடுகிறான்.