கைக்குட்டையோடு போக வேண்டிய கச்சேரி: ப்ராம்ஸ் கடைசி இரவு, நிற்கும் டிக்கெட்

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் இசைக் கச்சேரித் தொடரான பிபிசி ப்ராம்ஸ் முடிகிற செப்டம்பர் சனிக்கிழமைக்கு உட்காரும் டிக்கெட்டும் உண்டு, நிற்கும் டிக்கெட்டும் உண்டு. கடல் பாட்டுக்காகப் போகிறவர்கள் நிற்கும் டிக்கெட்டையே பார்க்கலாம். 2024-இல் ப்ராம்ஸ் கச்சேரிகளுக்கு நின்று கேட்க 8 பவுண்ட். இந்த நகரத்தில் அது கொள்ளை மலிவு. ஆனால் கடைசி இரவுக்கு நினைத்தவுடன் கிடைத்துவிடாது. அதே தொடரில் ஐந்து கச்சேரிகளுக்காவது டிக்கெட் வாங்கியவர்களுக்கு முன்னுரிமை என்பது வழக்கம். விதி அவ்வப்போது மாறும், ஜூலை தொடங்குவதற்குள் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே பேசப்போகும் கடல் பாட்டுகள் ப்ராம்ஸின் முதல் இசை நடத்துநர் ஹென்றி உட் 1905-இல், டிரஃபால்கர் கடற்போரின் நூற்றாண்டுக்காகக் கோத்த ‘பிரிட்டிஷ் கடல் பாட்டு’ மாலையில் வருபவை. அதில் உருக்கமானது ‘டாம் பௌலிங்’. பரம்பரைப் பாட்டு என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எழுதியவர் பெயர் தெரியும்: சார்ல்ஸ் டிப்டின், 1789, கடலோடியாக இருந்து இறந்த அண்ணனை நினைத்து. உட்டின் பாட்டு மாலையில் யாரும் பாடுவதில்லை. வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோ ஒன்று மட்டுமே பாட்டை ஏந்திப் போகிறது.

அந்தச் செல்லோ தொடங்கியதும் மேடைக்கு முன்னால் நின்று கேட்கும் தளமான அரீனாவில் இருப்பவர்கள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றுவார்கள். பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்வார்கள். இது பொய்யழுகை, பல தலைமுறையாகத் தொடரும் விளையாட்டு. முதல் தடவை பார்க்கிறவர்களுக்குக் கேலி போலத் தோன்றும். நன்றாகச் செய்தால் கேலி இல்லை, ஏனென்றால் இந்த அழுகைக்குச் சத்தம் கிடையாது. வாத்தியத்தின் மேல் ஒரு மூச்சு கூட விழக்கூடாது என்பதுதான் பழகிய கூட்டத்தின் எழுதாத சட்டம். கெடுப்பவர்கள் மூன்று வகை. ‘ஓ’வென்று குரல் விட்டு ஒப்பாரி வைப்பவர்கள். பலூனைத் தேய்த்துக் கீச்சிட வைப்பவர்கள். காகித டிஷ்யூவைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து சரசரவென உருவுபவர்கள். மூன்றாவது தப்புக்கு மருந்து எளிது: துணிக் கைக்குட்டை, மேல் சட்டைப்பையில், முன்கூட்டியே. பெரிய வெள்ளைத் துணியாக இருந்தால் கேலரியிலிருந்தும் தெரியும். ஒற்றுங்கள், மூக்கைச் சிந்தாதீர்கள்.

ஒலிக்கு இடம் முக்கியம். செல்லோக்கள் பெரும்பாலும் நமக்கு வலப்பக்கம்தான் அமர்கின்றன. அரீனாவில் வலது முன் கம்பியருகே நின்றால் வில் நரம்பில் உரசுவதே காதில் விழும். நடுவில் நின்றால் கொடிகளும் தொப்பிகளும் மறைக்கும். உச்சியில் உள்ள கேலரியில் தரையில் உட்காரலாம், கால் தப்பிக்கும். ஆனால் ஒற்றை வாத்தியம் அங்கே மெலிந்துதான் வந்து சேரும். பாட்டுக்காக மட்டும் வருகிறவர்கள் அரீனா, முதுகுவலிக்காரர்கள் கேலரி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அடுத்து வருவது ‘ஹார்ன்பைப்’, மாலுமி நடனம். கூட்டம் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகமெடுக்கும் மெட்டு இது. முதல் சுற்றில் தனி வாத்தியம் வாசிக்கும்போதே கை தட்டத் தொடங்கிவிடுகிறார்கள், மெட்டே மூழ்கிப்போகிறது. முதல் சுற்றில் முழங்காலை மட்டும் மடக்கி ஆடுவது, இரண்டாவதில் மெல்லத் தட்டுவது, கடைசியில் காலால் மிதிப்பது என்று ஏற்றினால் சரியாக வரும். கூட்டம் தாளத்தை விட்டுவிடுவதற்கு ஒரு காரணம் மண்டபத்தின் அளவு: ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் வட்டத்தில் எதிர்ப்புறக் கைத்தட்டு தாமதமாகத்தான் வந்து சேரும். அதைக் கேட்டுத் தட்டினால் பிந்துவோம். இசைக்குழு நடத்துநரின் கோலைப் பார்த்துத் தட்டுங்கள். உட்டே வேண்டுமென்று வேகத்தைக் கூட்டி, மிதிக்கத் தெரியாதவர்களைப் பின்னால் விட்டு வேடிக்கை பார்த்தவர்தான். காற்றூதிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். ஒருவர் ஊதினால் சுற்றி இருபது பேருக்கு இசை போய்விடும்.

அதே பாட்டு மாலையில் பிறகு ‘ஹோம், ஸ்வீட் ஹோம்’ வந்ததும் கைக்குட்டை மறுபடி வெளியே வரும். இரண்டாம் அழுகை எப்போதும் கொஞ்சம் சோம்பல்.

மதிப்பெண்: விலைக்கு ஐந்துக்கு ஐந்து. காதுக்கு நான்கு. கூட்டத்துக்கு, செல்லோவின்போது நான்கு, நடனத்தின்போது இரண்டரை.

வாங்குவதற்கு முன் நிரலைப் பாருங்கள். பாட்டு மாலை முழுதாக எல்லா ஆண்டும் வருவதில்லை. 2001-இல் அமெரிக்காவில் நடந்த செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள். 2022-இல் அரசி எலிசபெத் மறைவால் கடைசி இரவே நடக்கவில்லை. நிரலில் ‘டாம் பௌலிங்’ இல்லையென்றால் கைக்குட்டையைச் சுமக்க வேண்டாம்.