பாஸ்வேர்ட்: பழசும் புதுசும், எதப் பாக்கலாம்?

முதல்லயே மார்க் போட்டுடறேன், அப்புறம் காரணம் சொல்றேன். 1961-ல அமெரிக்காவுல சிபிஎஸ் சேனல்ல ஆரம்பிச்ச பழைய பாஸ்வேர்ட்ங்கற கேம் ஷோவுக்கு 10-க்கு 9. 2022-ல என்பிசி சேனல்ல டிவி ஹோஸ்ட் ஜிம்மி ஃபாலன் புண்ணியத்துல திரும்பி வந்த புது பாஸ்வேர்டுக்கு 10-க்கு 6. நடுவுல வந்ததுல ஒண்ணு பிரமாதம், ஒண்ணு சுமார், ஒண்ண பாக்காட்டியும் நஷ்டம் இல்ல.

விளையாட்டு ரொம்ப சிம்பிள். ரெண்டு டீம், ஒவ்வொரு டீம்லயும் ஒரு சினிமா டிவி பிரபலம், ஒரு சாதாரண ஆளு. ரெண்டு டீம்லயும் ஒருத்தர் கையில ஒரே வார்த்தை இருக்கும், அத ஒரே ஒரு வார்த்தை க்ளூ குடுத்து எதிர்ல உக்காந்திருக்கற பார்ட்னர் வாயிலேர்ந்து வரவைக்கணும். முதல் க்ளூலயே சொன்னா 10 பாயின்ட், இல்லன்னா வாய்ப்பு அடுத்த டீமுக்கு, அவங்க சொன்னா 9, திரும்ப இங்க வந்தா 8, இப்படியே இறங்கும். யாரு முதல்ல 25 தொடறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. நம்ம விஜய் டிவில ஜேம்ஸ் வசந்தன் நடத்தின ஒரு வார்த்தை ஒரு லட்சம் பாத்தவங்களுக்கு இந்த டைப் விளையாட்டு புதுசு இல்ல, ஆனா இதுல ரெண்டு டீமும் ஒரே வார்த்தைக்கு மாத்தி மாத்தி மோதறாங்க பாருங்க, அங்கதான் மொத்த சூட்சுமமும் இருக்கு.

ஷோ இங்கிலீஷ்ல நடக்குது, புரியறதுக்காக தமிழ்ல ஒரு ரவுண்ட் ஓட்டிக் காட்டறேன். வார்த்தை "நிழல்"னு வெச்சுக்கோங்க. முதல் டீம் "மரம்"னு க்ளூ குடுக்குது, பார்ட்னர் "இலை"ங்கறாரு, 10 போச்சு. ரெண்டாவது டீம் "வெயில்"ங்குது, பார்ட்னர் ஏற்கனவே மரம்ங்கறத கேட்டிருக்காரு, மரம் வெயில் ரெண்டையும் சேத்து "பாலைவனம்"னு எங்கயோ போயிடறாரு, 9-ம் போச்சு. முதல் டீம் "கருப்பு"ங்குது, "இருட்டு"ன்னு பதில் வருது, கிட்ட வந்துட்டாங்க ஆனா தப்பு. இப்ப ரெண்டாவது டீம்ல க்ளூ குடுக்கறவர் கொஞ்சம் நிதானிச்சு "தொடரும்"ங்கறாரு, பார்ட்னர் மூஞ்சில பல்பு எரியுது, "நிழல்!" 7 பாயின்ட். கவனிச்சீங்கன்னா முதல் டீம் குடுத்த மரமும் கருப்பும் எதிராளிக்குத்தான் ஓசியில உதவியிருக்கு. அதனால க்ளூ குடுக்கும்போது என் பார்ட்னர் சொல்லிடுவாரான்னு மட்டும் யோசிச்சா பத்தாது, இவரு சொதப்பினா அந்த பக்கம் எவ்ளோ சுலபமாயிடும்னும் சேத்து யோசிக்கணும். இது தெரியாம பாத்தா சும்மா குழந்தைங்க விளையாட்டு மாதிரி தெரியும், தெரிஞ்சு பாத்தா ஒவ்வொரு க்ளூவும் செஸ் மூவ்தான்.

வொகாபுலரி நிறைய இருக்கறவங்கதான் ஜெயிப்பாங்கன்னு நெனச்சீங்கன்னா அது இல்ல, பெரிய பெரிய வார்த்தையா எடுத்து விடறவங்க இதுல மண்ணக் கவ்வறத நெறைய எபிசோட்ல பாக்கலாம். எதிர்ல இருக்கற மனுஷன் மண்டைக்குள்ள இந்த வார்த்தைக்கு பக்கத்துல என்ன வார்த்தை உக்காந்திருக்கும்னு கண்டுபிடிக்கறவங்கதான் ஜெயிக்கறாங்க. அரை மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் யாருன்னே தெரியாத ஒரு ஆளு மனசுக்குள்ள நுழையறதுதான் இந்த ஷோ, அதனாலதான் ஒரு பக்கம் பிரபலம் ஒரு பக்கம் சாதாரண ஆளுன்னு உக்கார வெச்சது சரியான ஐடியா. இத உருவாக்கின பாப் ஸ்டூவர்ட்தான் தி ப்ரைஸ் இஸ் ரைட்ங்கற கேம் ஷோவையும் அப்புறம் பிரமிட்ங்கற கேம் ஷோவையும் உருவாக்கினவர், தயாரிச்சது குட்சன் டாட்மன் கம்பெனி, இந்த தொழில்ல அவங்கள அடிச்சுக்க ஆள் இல்லாத காலம் அது.

பழைய ஷோவோட ஹோஸ்ட் ஆலன் லடன். தடிமனான கண்ணாடி, கோட்டு சூட்டு, பாத்தா காலேஜ் வாத்தியார் மாதிரியே இருப்பாரு, நிஜமாவே இங்கிலீஷ்ல எம்.ஏ. முடிச்சவர், இதுக்கு முன்னாடி காலேஜ் பசங்களுக்கான காலேஜ் பவுல் க்விஸ்ஸ நடத்திட்டு இருந்தவர். எனக்கு அவர்கிட்ட புடிச்சது, நடுவுல பூந்து பேசவே மாட்டாரு. பார்ட்னர் யோசிக்கும்போது அப்படியே விட்டுடுவாரு. கேமராவும் அந்த மூஞ்சியவே காட்டிட்டு நிக்கும். கறுப்பு வெள்ளையில ஒருத்தர் நெத்திய சுருக்கி, உதட்ட கடிச்சு, ஏதோ சொல்ல வாயத் திறந்து திரும்ப மூடிக்கறாரு, நாம வீட்ல உக்காந்து "அட அதான்யா, அதச் சொல்லுய்யா"ன்னு கத்தறோம். ஏன்னா நமக்கு விடை தெரியும், அனௌன்சர் ரகசியம் பேசற குரல்ல "தி பாஸ்வேர்ட் இஸ்..."னு சொல்லிடுவாரு, ஸ்க்ரீன்லயும் எழுத்து வந்துடும். இதுல நான் செய்யற ஒரு வேலை உண்டு, புது வார்த்தை வரும்போது மட்டும் ம்யூட் பண்ணிட்டு ஸ்க்ரீனோட கீழ்ப்பகுதிய கையால மறைச்சுக்குவேன், அப்புறம் பார்ட்னரோட சேந்து நானும் கண்டுபிடிப்பேன், ட்ரை பண்ணிப் பாருங்க, ஷோ வேற மாதிரி ஆயிடும்.

சந்தேகம் வந்தா தீத்து வைக்க ஒரு அகராதி ஆசிரியரையே வெச்சிருந்தாங்க, டாக்டர் ரீசன் குட்வின்னு பேரு. வார்த்தை விளையாட்டுக்கு அந்த மரியாதை குடுத்த காலம். பரிசு ஒண்ணும் பெருசு இல்ல, ஜெயிச்சவங்க லைட்னிங் ரவுண்ட்ல 60 செகண்ட்ல 5 வார்த்தை, வார்த்தைக்கு 50 டாலர், மொத்தமே 250 டாலர்தான். அதுக்கே அவங்க அடிக்கற பரபரப்ப பாக்கணும்.

நடிகை பெட்டி வைட்ட சொல்லாம பாஸ்வேர்ட் பத்தி பேசவே முடியாது. 1961-ல ஷோ ஆரம்பிச்ச புதுசுல கெஸ்டா வந்தவங்க, 1963-ல ஹோஸ்ட்டையே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அதுக்கு அவர் எத்தன தடவ கேட்டு எத்தன தடவ இவங்க மாட்டேன்னாங்கங்கறது தனிக்கதை. அந்தம்மா விளையாடற எபிசோட் எது கெடைச்சாலும் விடாதீங்க, க்ளூ குடுக்கும்போது குரல இழுக்கறதுலயும் புருவத்துலயும் பாதி விஷயத்த சொல்லிடுவாங்க. பழைய ரூல்ல எதிர்ச்சொல்ல க்ளூவா குடுக்கலாம், அந்த இழுவைய வெச்சே "நான் சொல்றதுக்கு நேர் எதிரா யோசி"ன்னு புரிய வெச்சுடுவாங்க. லடன் 1981-ல போயிட்டாரு, அவங்க மறுகல்யாணமே பண்ணிக்கல. 2008 வரைக்கும் இந்த ஷோ எந்த ரூபத்துல வந்தாலும் வந்து விளையாடிட்டுப் போனாங்க.

நடுவுல நடந்தத வேகமா சொல்லிடறேன். 1967-ல சிபிஎஸ் நிறுத்திட்டாங்க, 1971-ல ஏபிசி சேனல் எடுத்தாங்க, அங்க நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, 1974 கடைசியில யாருக்கு என்ன தோணுச்சோ சாதாரண ஆளுங்கள எல்லாம் அனுப்பிட்டு முழுக்க முழுக்க பிரபலங்களையே வெச்சு நடத்தினாங்க. சில மாசத்துலயே பழையபடி மாத்திட்டாங்க, ஆனா 1975 ஜூன்ல ஷோவையே மூடிட்டாங்க. இத மனசுல வெச்சுக்கோங்க, புது ஷோ பத்தி பேசும்போது தேவப்படும்.

மேல பிரமாதம்னு சொன்னேனே, அது 1979-ல என்பிசில வந்த பாஸ்வேர்ட் பிளஸ். இதுல கண்டுபிடிக்கற 5 வார்த்தையும் இன்னொரு பெரிய புதிருக்கு க்ளூ, அந்த புதிர் ஒரு ஆளாவோ ஊராவோ பொருளாவோ இருக்கும். அதாவது வார்த்தைய சொல்லிட்டா மட்டும் பத்தாது, போர்டுல ஒண்ணொண்ணா தெரியற வார்த்தைங்கள கோத்து அது யாருன்னும் சொல்லணும். எதிர்ச்சொல்லுக்கும் தடை போட்டுட்டாங்க, அதனால க்ளூ குடுக்கறது இன்னும் கஷ்டம். கடைசி ரவுண்ட்ல வரிசையா அடுத்தடுத்த எழுத்துல ஆரம்பிக்கற 10 வார்த்தை, 60 செகண்ட், 5,000 டாலர். லடனுக்கு உடம்பு முடியாமப் போனதும் முதல்ல பில் கல்லனும் அப்புறம் டாம் கென்னடியும் நடத்தினாங்க. என்னக் கேட்டா விளையாட்டா மட்டும் பாத்தா பழைய ஷோவ விட இது ஒரு படி மேல, ஆனா அந்த அமைதி கொஞ்சம் கம்மி.

1984-லேர்ந்து 1989 வரைக்கும் பெர்ட் கான்வி நடத்தின சூப்பர் பாஸ்வேர்ட் சுமார் ரகம், கலரு, வெளிச்சம், ஏறிட்டே போற ஜாக்பாட். அதுல ஒரு சினிமா கதை உண்டு. 1988-ல பொய்ப் பேர்ல வந்த ஒருத்தர் 58,600 டாலர் ஜெயிச்சாரு, எபிசோட டிவில பாத்த யாரோ இவரு போலீஸ் தேடற மோசடி ஆளாச்சேன்னு கண்டுபிடிச்சு சொல்லிட்டாங்க, பரிசப் பத்தி பேச வந்த இடத்துலயே ஆள அமுக்கிட்டாங்க. தேடப்படற மனுஷன் நாடு முழுக்க பாக்கற ஷோவுல போய் சிரிச்சுட்டு உக்காந்திருக்காரு, என்ன தைரியம்! 2008-ல ரீஜிஸ் ஃபில்பின் நடத்தின மில்லியன் டாலர் பாஸ்வேர்ட்தான் பாக்காட்டியும் நஷ்டம் இல்லன்னு சொன்னது. எல்லாமே கடிகாரத்தோட ஓட்டப் பந்தயம், எதிராளி க்ளூவ நாம பயன்படுத்திக்கற அந்த மோதலே இல்ல, அத எடுத்துட்டா அப்புறம் என்ன பாஸ்வேர்ட்?

சரி, புதுசு. 2022 ஆகஸ்ட்ல வந்துச்சு, கீக்கி பால்மர் ஹோஸ்ட். ஜிம்மி ஃபாலன் தன்னோட ராத்திரி ஷோவுல கெஸ்ட்டுங்களோட பாஸ்வேர்ட் விளையாடிட்டே இருந்தாரு, அது ஹிட்டானதும் தனி ஷோவா கொண்டு வந்து தயாரிப்பாளராவும் இருக்காரு, விளையாடவும் செய்யறாரு. அவரு ஒரு பக்கம், இன்னொரு பிரபலம் ஒரு பக்கம், ரெண்டு போட்டியாளர்கள், பரிசு 25,000 டாலர் வரைக்கும்.

நல்லத முதல்ல சொல்லணும், கீக்கி பால்மர் அட்டகாசம். பழைய ஆளு மாதிரி நடிக்கவே முயற்சி பண்ணல, அவங்க ஸ்டைல்ல கலாய்க்கறாங்க, போட்டியாளர் பதட்டமா இருந்தா பக்கத்து வீட்டு அக்கா மாதிரி தேத்தறாங்க, ரூல மீறினா சிரிச்சுட்டே வெட்டிடறாங்க. சிறந்த கேம் ஷோ ஹோஸ்ட்டுக்கான எம்மி விருது அவங்களுக்கு கெடைச்சது சும்மா இல்ல. இன்னொரு நல்ல விஷயம், ஆட்டத்துக்கு நடுவுல போட்டியாளர்ங்க பார்ட்னர மாத்திக்கறாங்க, அதனால சொதப்பற பிரபலம் மாட்டினவங்க மட்டும் கடைசி வரைக்கும் கஷ்டப்படணும்னு இல்ல.

ஆனா பிரச்சன எங்கன்னா, யாரையும் யோசிக்க விட மாட்டேங்கறாங்க. க்ளூ வந்த அடுத்த செகண்டே ஆடியன்ஸ் கத்தல், மியூசிக், ஃபாலன் டேபிளத் தட்டி சிரிக்கறாரு, எதிர்ல இருக்கற பிரபலம் ஒரு ஜோக் அடிக்கறாரு, கட் பண்ணி இன்னொரு மூஞ்சி. போட்டியாளர் மூஞ்சில அந்த வார்த்தை உருவாகற நேரத்துல கேமரா ஃபாலன் மேல இருக்கு. ஒரு ரவுண்ட்ல விளையாட்டு எவ்ளோ அரட்டை எவ்ளோன்னு கவனிச்சுப் பாருங்க, அரட்டைதான் ஜெயிக்கும். முதல் எபிசோட்ல நடிகர் ஜான் ஹாம் வராரு, நிதானமா விளையாடற ஆளு, அவரையும் இந்த இரைச்சல்ல இழுத்துட்டுப் போயிடறாங்க.

ஃபாலனுக்கு விளையாடத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன், நல்லாவே தெரியும், சில க்ளூ எல்லாம் கைதட்ட வைக்கும். ஆனா எல்லா எபிசோட்லயும் அவரே இருக்கறதால ஷோ அவரோட வீட்டு பார்ட்டி ஆயிடுச்சு, காசுக்காக வந்த மனுஷங்க அந்த பார்ட்டிக்கு வந்த விருந்தாளி மாதிரி ஓரமா உக்காந்திருக்காங்க. 1974-ல சாதாரண ஆளுங்கள வெளிய அனுப்பினாங்க, இப்ப உள்ள உக்கார வெச்சே கண்ணுக்குத் தெரியாம பண்ணிட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம். 25,000 டாலர் ஒருத்தர் வாழ்க்கையில எவ்ளோ பெரிய பணம், அத தோக்கற நேரத்துல கூட பக்கத்துல ஒருத்தர் காமெடி பண்ணிட்டு இருக்காரு, எனக்கு அது ஒட்டவே இல்ல.

அப்படி இருந்தும் 6 மார்க் எதுக்குன்னா, விளையாட்டோட எலும்புக்கூடு அப்படியே இருக்கு, அது அவ்ளோ ஸ்ட்ராங். சத்தத்தையும் மீறி சில ரவுண்ட் தூக்கி நிறுத்திடும். வீட்ல பெரியவங்க சின்னவங்க சேந்து பாக்கறதுன்னா உண்மையில புதுசுதான் சரி, கறுப்பு வெள்ளைய போட்டா பசங்க எந்திரிச்சு போயிடுவாங்க. பாத்துட்டு நீங்களே பேப்பர்ல வார்த்தை எழுதி விளையாட ஆரம்பிச்சுடுவீங்க, அதுக்கு நாலு பேரு இருந்தா போதும், வேற எதுவும் வாங்க வேணாம்.

பழசு பாக்கணும்னா பஸ்ஸர்னு பழைய கேம் ஷோக்களுக்குன்னே ஒரு அமெரிக்க சேனல் இருக்கு, யூட்யூப்லயும் தேடினா எபிசோடுங்க கெடைக்கும். பெட்டி வைட் பேர சேத்து தேடுங்க, 60-கள்ல வந்தது ரெண்டு பாத்துட்டு நேரா பாஸ்வேர்ட் பிளஸ்ஸுக்கு போயிடுங்க. இங்கிலீஷ் வேகமா பேசினா புரியாதுன்னு பயப்பட வேணாம், லடன் தெளிவா நிறுத்தி பேசுவாரு, க்ளூ எல்லாம் ஒத்த வார்த்தைதான். பிரிண்ட் சிலது மோசமா இருக்கும், சவுண்டும் கரகரன்னு வரும், ஹெட்போன் போட்டுக்கோங்க.