பாசித் தெள்ளு வண்டு பார்க்க 20/40 மடங்கு ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் போதுமா?

கல்லூரி ஆய்வகங்களுக்கென்று பல பெயர்களில் விற்கும் விலை குறைந்த ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்புகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். 10 மடங்கு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), திருப்பினால் மாறும் 2, 4 மடங்கு ஆப்ஜெக்டிவ் (பொருளுக்கு அருகிலுள்ள லென்ஸ்), மேலும் கீழும் எல்.இ.டி. விளக்கு. பாறையிலும் மரத்திலும் மெத்தைபோல் படரும் பாசிக்குள் (moss) வாழும் 1 முதல் 2 மி.மீ. தெள்ளு வண்டுகளை (துள்ளும் இலை வண்டுகள், flea beetles) அடையாளம் காண, பேரினம் (genus) வரை இது தாராளமாகக் கைகொடுக்கிறது. அதற்குள் இனம் (species) பிரிக்கும் வேலைக்கு இதை நம்ப வேண்டாம்.

இந்தக் கருவிக்குச் சரியான பரீட்சை, 1974-இல் வண்டு ஆய்வாளர் ஷெரர் இலங்கையிலிருந்து விவரித்த கிளாவிகோர்னால்டிகா (Clavicornaltica) என்ற தெள்ளு வண்டுப் பேரினம். உருண்டை உடல், நுனி தடித்த உணர்கொம்பு. இதே தோற்றத்தில் அகாதிடியம் என்ற வேறு குடும்பத்து வண்டும் உண்டு. வெறுங்கண்ணுக்கு இரண்டும் பளபளப்பான கடுகு மாதிரிதான். 20 மடங்கில் வண்டைப் புரட்டிப் பின்தொடையைப் பாருங்கள்: தெள்ளு வண்டுக்குத் துள்ளுவதற்கான தசை நிரம்பித் தொடை உப்பியிருக்கும். கால் மடங்கி ஒட்டிக்கொண்டால் இது தெரியாது. அப்போது 40 மடங்குக்கு மாற்றி முகத்தைப் பாருங்கள். தெள்ளு வண்டின் உணர்கொம்புகள் இரண்டும் கண்களுக்கு நடுவே அருகருகே முளைத்திருக்கும்; அகாதிடியத்தில் விலகி, பக்கவாட்டில் இருக்கும். பாதத்திலும் வித்தியாசம் உண்டு. தெள்ளு வண்டில் மூன்றாம் கணு இரு மடலாக விரிந்து, குட்டியான நான்காம் கணுவை மறைத்துவிடும். ஐந்து கணு உள்ள பாதம் நான்கு போலத் தெரிவது அதனால்தான். உணர்கொம்பின் தடித்த நுனியை மட்டும் வைத்து முடிவு செய்பவர்கள்தான் இங்கே ஏமாறுகிறார்கள்.

கருவியின் பெரிய குறை விளக்கு. மேல் எல்.இ.டி. நேரே விழுவதால் வழவழப்பான முன்னிறகில் வெள்ளைப் பொட்டாக மின்னி, நுண்குழிகள் வரிசையாக உள்ளனவா சிதறியுள்ளனவா என்பதையே மறைத்துவிடுகிறது. அடையாளத் திறவுகோல்களில் (கேள்வி கேள்வியாகப் போய்ப் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் பட்டியல்களில்) அடிக்கடி வரும் கேள்வியே அதுதான். டிரேசிங் பேப்பரை 3 செ.மீ. உயரக் குழாயாகச் சுருட்டி வண்டைச் சுற்றி நிறுத்தி, பக்கத்திலிருந்து மேசை விளக்கைக் காட்டினால் குழிகள் ஒவ்வொன்றாகத் தெளியும். அடித்தட்டின் வெள்ளைப் பக்கத்தைவிடச் சாம்பல் அட்டை மேல்.

அளவுகோல் பதித்த ஐபீஸைத் தனியாக வாங்கிவிடுங்கள். 10 மி.மீ.-ஐ 100 பிரிவாக்கிய அளவுகோலில், 4 மடங்கு ஆப்ஜெக்டிவோடு ஒரு பிரிவு 0.025 மி.மீ.; 1.2 மி.மீ. வண்டு 48 பிரிவு பிடிக்கும். ஆனால் ஆப்ஜெக்டிவில் எழுதியிருக்கும் மடங்கு சற்று முன்னே பின்னே இருக்கலாம். ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் (துல்லியமான அளவுகோல் பொறித்த கண்ணாடித் தகடு) ஒருமுறை சரிபார்த்த பிறகே அளவை எழுதுங்கள்.

ஐரோப்பியப் பாசிகளில் உள்ள நியோபிலா (Mniophila) ஆனாலும், நம் பக்கத்து ஐவாலியா (Ivalia) ஆனாலும், ஒரே தெள்ளு வண்டுப் பேரினத்து இனங்கள் வெளித்தோற்றத்தில் மிக நெருக்கமானவை. ஆணின் புணர் உறுப்பையும் பெண்ணின் விந்துப்பையையும் பார்த்தால்தான் உறுதி கிடைக்கும். வயிற்றைப் பிரித்து 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளஞ்சூட்டில் வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டால் மெல்லிய சவ்வு கரைந்து, விந்துப்பை எங்கே போனதென்று தெரியாது. பிறகு தண்ணீரில் கழுவி, கிளிசரின் துளியில் வைக்கலாம். பிரித்தெடுக்கும் வேலையை இந்தக் கருவியிலேயே செய்யலாம், கைக்கும் ஊசிக்கும் இடம் போதும். பார்த்து வரைவதற்கு மட்டும் 100 முதல் 400 மடங்கு தரும் சாதாரணக் கூட்டு மைக்ரோஸ்கோப் வேண்டும்.

இரண்டாவது கருவி வாங்க வழியில்லாதவர்கள் ஆப்ஜெக்டிவ் 0.7 முதல் 4.5 மடங்கு வரை போகும் ஜூம் வகை ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பை எடுத்து 20 மடங்கு ஐபீஸ் போடலாம். 90 மடங்கு கிடைக்கும், ஆனால் படம் மங்கும், பார்வைப் பரப்பும் சுருங்கும். அதே பணத்துக்கு 20/40-உம் ஒரு பழைய கூட்டு மைக்ரோஸ்கோப்பும் சேர்ந்து கிடைத்தால் அதையே வாங்குங்கள்.