அரேபியா நீராவிப்படகு அருங்காட்சியகம், கான்சாஸ் சிட்டி: அலமாரியைவிட ஆய்வகம் மேல்

அமெரிக்காவின் மிசௌரி ஆற்றில் 1856 செப்டம்பர் 5 அன்று, நீருக்குள் கிடந்த வால்நட் மரம் அடிப்பலகையைக் கிழித்து மூழ்கிய படகு அரேபியா. பயணிகள் எல்லோரும் தப்பினார்கள். கட்டிப்போட்டிருந்த கோவேறு கழுதை ஒன்றுதான் பலி. அதன் எலும்புக்கூடும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு ஆறு தடம் மாறியது. 1988-89 குளிர்காலத்தில் தனியார் சிலர் தோண்டியபோது, படகு ஆற்றின் கான்சாஸ் மாநிலப் பக்கத்து மக்காச்சோளக் கொல்லையில் 45 அடி ஆழத்தில் கிடந்தது. சுற்றிலும் பம்புகளைப் போட்டு நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தார்கள். நிறுத்தினால் குழி நிரம்பிவிடும்.

ஏறக்குறைய 200 டன் சரக்கு, எல்லாம் மேற்கே புதிதாகக் குடியேறிய ஊர்களின் கடைகளுக்குப் போகவேண்டியவை. பூட்ஸும் செருப்புமாக மட்டும் 4,000க்கு மேல். பீங்கான், சுத்தியல், பொத்தான், துப்பாக்கி என்று நேற்று லோடு இறங்கிய மொத்தக் கடை போல அடுக்கியிருக்கிறார்கள். பாட்டில் ஊறுகாய் இன்னும் பச்சையாக இருக்கிறது. தோண்டியவர்களில் ஒருவர் அதைத் தின்றும் பார்த்தாராம்!

காற்றுப் புகாத ஈரச் சேறுதான் இத்தனையையும் காத்தது. ஆனால் பருத்தி தப்பவில்லை, அழுகிப்போனது. கம்பளியும் பட்டும் நின்றன. அதனால் பருத்தி நூலில் தைத்த கம்பளிக் கோட்டுகள் தையல் விட்டுத் துண்டு துண்டாக வந்தன. இப்போது பார்ப்பவை மறுபடி தைத்தவை.

அவசரமாகச் சுற்றுபவர்கள் தவறவிடுவது பழம்பொருள் பாதுகாப்பு ஆய்வகத்தை. ஊறிய மரத்தை அப்படியே உலரவிட்டால், உள்ளிருக்கும் நீர் வெளியேறும்போது செல்கள் சுருங்கிப் பலகை வெடித்துவிடும். அதனால் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற, நீரில் கரையும் மெழுகு போன்ற பொருளின் கரைசலில் நெடுநாள் ஊறவைத்து, நீரின் இடத்தில் அதை ஏற்றிய பிறகே உலர்த்துகிறார்கள். வேலை இன்னும் முடியவில்லை. ஊழியர்களிடம் தயங்காமல் கேளுங்கள், விளக்குவார்கள்.

முழுப் படகை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்: பின்பகுதி, கொதிகலன்கள், இயந்திரம் இவைதான் மேலே வந்தன. சுழலும் பெரிய துடுப்புச் சக்கரம் புதிதாகச் செய்தது.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சனி, ஞாயிறில், அருங்காட்சியகம் இருக்கும் சிட்டி மார்க்கெட் சந்தைக் கூட்டத்தில் கார் நிறுத்த இடம் கிடைப்பது பாடு. வார நாளே நல்லது. இடம் மாறும் பேச்சு சில ஆண்டுகளாக அடிபடுவதால், கிளம்புமுன் முகவரியை ஒருமுறை சரிபாருங்கள். ஆர்வம் அடங்காதவர்களுக்கு, வடக்கே சுமார் மூன்று மணி நேரக் கார் தூரத்தில், அயோவாவின் டிசோட்டோ சரணாலயத்தில், 1865இல் மூழ்கிய பெர்ட்ராண்ட் படகின் சரக்கும் இருக்கிறது.