விர்டுஸ் ஜிடி, 41,000 கி.மீ.: குமரி மாவட்டச் சாலைகளில் கிடைத்த மைலேஜ்

வண்டி எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. ஃபோக்ஸ்வேகன் விர்டுஸ் ஜிடி, 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 பிஎஸ், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர். நின்று பார்க்கிற எல்லாரும் கேட்பது, "எவ்வளவு கிடைக்குது?" இதற்கு ஒரே எண்ணில் பதில் சொல்ல என்னால் முடிந்ததில்லை. என் டைரியில் இருக்கும் டேங்க் கணக்குகளில் லிட்டருக்கு மிகக் குறைந்தது 8.9 கி.மீ., மிக அதிகம் 20.3. அதே வண்டி, அதே டிரைவர்.

கணக்குப் போட்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் ஒரே பங்க், ஒரே பம்பு. ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்லிவிடுவேன். ரூபாயை ரவுண்டாக்க விடமாட்டேன். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் டைரியில் ஏறும். டேஷ்போர்டு காட்டுவது என் வண்டியில் எப்போதும் அரை கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகவே இருக்கிறது.

2022-ல் இந்த மாடல் வந்தபோது டிஎஸ்ஜிக்கு, வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அராய் (ARAI) அமைப்பு சொன்ன அளவு 18.67. அது பொய் இல்லை. ஆனால் அந்தச் சோதனை உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி நடப்பது. வேகம் 90-ஐத் தாண்டாது, ஏசி ஓடாது. எதிர்க்காற்று கிடையாது, தக்கலை ஜங்ஷனும் கிடையாது.

எனக்கு வேலை மார்த்தாண்டத்தில். நாகர்கோவிலில் இருந்து கிட்டத்தட்ட 30 கி.மீ. இந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், ஊர் முடிந்து ஊர் தொடங்குவது கண்ணுக்குப் படாது. பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை என்று வீடும் கடையும் பள்ளிக்கூடமும் தொடர்ந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் இடம் கிடைத்தால் 60 தொடுவோம், உடனே ஒரு பஸ் நிற்கும், பிரேக். முதல் ஆறு மாதம் எனக்கு இங்கே 10-ஐத் தாண்டவே இல்லை. வண்டியில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன்.

அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையை 60 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 195 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருந்தாலும், அதில் கால்வாசி சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிய விஷயம். அப்படிப் பார்த்தால் ஒரு தடவை 60 தொட்டுவிட்டு பிரேக் பிடித்து நின்றால் 24 மில்லி பெட்ரோல் பிரேக் டிஸ்க்கில் சூடாகிப் போய்விடுகிறது. நாற்பது தடவை செய்தால் ஒரு லிட்டர். மார்த்தாண்டம் போய்ச் சேருவதற்குள் நாற்பது தடவை என்பது சாதாரணம். அதே இடத்தில் 40-ஐத் தொட்டு நிறுத்தினால் செலவு பாதிக்கும் கீழே. விர்டுஸில் சிக்கல் என்னவென்றால், 250 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை) உள்ள இன்ஜின், வலது காலை லேசாக வைத்தாலே பாய்ந்துவிடும், 60 தொட்டது நமக்கே தெரியாது.

இதற்கு வழி சொல்லிக் கொடுத்தது அப்பா. அவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிப்போவில் டிரைவருக்கு டிரைவர் கேஎம்பிஎல் (லிட்டருக்கு எத்தனை கி.மீ.) கணக்குப் பார்ப்பார்கள், அதிலேயே வாழ்ந்தவர். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வில்லுக்குறி தாண்டியதும், "மக்கா, அங்க பஸ்ஸு நிக்கது தெரியுதுல்லா? பொறவு எதுக்கு மிதிக்க?" என்றார். சரி என்று காலை எடுத்தேன். வண்டி தானாக உருண்டு போய், நாங்கள் பக்கத்தில் சேரும்போது பஸ் கிளம்பிவிட்டது. பிரேக் தொடவே இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுசாக விட்டால் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், அந்தத் தூரம் இலவசம். அந்த மாதத்திலிருந்து அதே ரோட்டில் 12.5 வருகிறது. போய்ச் சேரும் நேரம் நான்கு நிமிஷம்கூட மாறவில்லை.

இனி காற்று. நெல்லை போகும்போது நான்குவழிச் சாலையில் 80-ல் நிதானமாகப் போனால் இந்த இன்ஜின் நடு இரண்டு சிலிண்டர்களை நிறுத்திவிட்டு மீதி இரண்டில் ஓடும், டேஷ்போர்டில் காட்டும். 20.3 கிடைத்தது அப்படித்தான். ஆனால் ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றைச் சும்மா நினைக்கக் கூடாது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தானே. போன ஆடியில் போகும்போது டிரிப்பில் 22 காட்டியது. சாயங்காலம் அதே வேகத்தில் திரும்பினேன், 15. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் போகிற வண்டிக்கு எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், 110-ல் போகிற எதிர்ப்பைத்தான் அது தள்ள வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அன்றைக்கு இரண்டு சிலிண்டர் அடையாளம் வள்ளியூர் தாண்டியதும் மறைந்ததுதான், வீடு வரும்வரை பெரும்பாலும் எட்டிப் பார்க்கவில்லை.

பிள்ளையைப் பள்ளியில் விடும் 3 கி.மீ.தான் எல்லாவற்றையும் விட மோசம். இன்ஜின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஏசி வேறு முழு மூச்சில் ஓடும். டிரிப்பில் 6, 7 என்று நிற்கும். அந்த 8.9 டேங்க் முழுக்க அப்படி ஓடியது. இப்போது அதற்கு ஸ்கூட்டர்தான்.

டயர் விஷயத்தில் ஒரு தப்பு நடந்தது. பஞ்சர் ஒட்டிய கடையில் நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்ததாகச் சொன்னார்கள், நானும் நம்பினேன். இரண்டு டேங்க் தொடர்ந்து ஒரு கிலோமீட்டர் குறைந்தபிறகுதான் சொந்த கேஜ் வாங்கிப் பார்த்தேன், நான்கிலும் 26 பிஎஸ்ஐதான். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு ஏற்றியதும் பழையபடி வந்தது. ஸ்டியரிங்கும் லேசானது.

எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிக் கேட்கிறார்கள். எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 6, 7 சதவீத சக்தி போய்விடும், அதை எந்த டிரைவராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. என் கணக்கில் முதல் வருஷத்தையும் இந்த வருஷத்தையும் வைத்துப் பார்த்தால் அரை கிலோமீட்டர் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் இதற்கிடையில் நான் ஓட்டும் விதமும் மாறிவிட்டதால் முழுப் பழியையும் அதன்மேல் போட மாட்டேன். 95 ஆக்டேன் பெட்ரோல் மூன்று டேங்க் போட்டேன். கீரிப்பாறை ஏற்றத்தில் இழுவை நன்றாக இருந்தது, மைலேஜ் மாறவில்லை.

நேற்று போட்டது 34.6 லிட்டர், ஓடியது 452 கி.மீ. மார்த்தாண்டம் பாதி, நெல்லை ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை பேச்சிப்பாறை. 13.06 என்று எழுதி வைத்திருக்கிறேன். பேச்சிப்பாறை போகும் வழியில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எஸ் (ஸ்போர்ட்) மோடில் போட்டுக் கொஞ்சம் மிதித்தேன், அதுவும் இந்தக் கணக்கில் இருக்கிறது.